மூத்தவள் மனு

“நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குத் தாலி கட்டுறாகய்யா. அதுக்குள்ள நிப்பாட்டணும். வெரசா ஒரு மனு எழுதுங்க.”

ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வந்து நின்றவள் இப்படிச் சொன்னதும் ஜேசுதாஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. போடிநாயக்கனூர் பஜாரில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிற அவரிடம், இந்த வருஷத்தில் இதே கதையோடு வந்து நிற்கும் நாலாவது பெண் இவள்.

“மூத்தவ உசுரோட இருக்கைல இன்னொருத்தியைக் கட்டக் கூடாதுன்னு மதராஸ் சர்க்கார் சட்டம் போட்டு அஞ்சு வருசமாச்சு. ஒரு பய மதிக்கிறானா?” பேனாவை உதறிக்கொண்டே கேட்டார். “உம் பேரு என்ன தாயி?”

“சுருளியம்மாள்.”

“மாப்பிள்ளையா நிக்கப் போறானே, அந்த மகராசன் பேரு?”

“மலைச்சாமி.”

ஜேசுதாஸ் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் புருஷன் பெயரைக் கேட்டால் மலையைக் கை காட்டுவார்கள், பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். செத்தாலும் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். இவள் பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள். வயிறு எரியும்போது வழக்கமாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டார்.

“கல்யாணமாகி எத்தனை வருசம்?”

“ஒம்போது வருசம். வயித்துல ஒண்ணும் தங்கலை. அதான் ரெண்டாந்தாரம்.”

“உன்னையப் பெத்தவுக கேக்கலையா?”

“அவுகதான்யா முன்ன நின்னு நடத்துறாக. மேட்டுல பன்னெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்குல்ல? அது கைவிட்டுப் போயிரக் கூடாதாம்.” மலைக் குளிருக்குக் கழுத்தோடு இறுக்கிப் போர்த்தியிருந்த முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஐயா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தக் கதை எனக்கு மனப்பாடம்.” பேனா காகிதத்தைக் கிழித்துவிடுகிற வேகத்தில் ஓடியது. “அவனைச் சொல்லு, உங்கப்பன் ஆத்தாளைச் சொல்லு. கட்டிக்கிறப் போறாளே ஒருத்தி, அவளுக்குப் புத்தி எங்க போச்சு? இன்னொருத்தி குடியைக் கெடுக்கிறோமேன்னு கொஞ்சமாச்சும் வெக்கம் வேணாம்?”

சுருளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள்.

கையோடு அவளை அழைத்துக்கொண்டு, மலைக்குத் திரும்புகிற அதே ஜீப்பில் ஏறி, அடிவாரத்துப் போலீஸ் அவுட்போஸ்டில் போய் இறங்கினார் ஜேசுதாஸ். இதற்கு முன் எழுதிய மூன்று மனுக்களும் போன இடம் தெரியவில்லை. இந்த ஒன்றையாவது கூடவே இருந்து நடத்திப் பார்த்துவிடுவது என்ற வீம்பு அவருக்கு.

ஏட்டு பால்சாமி மனுவை ஒரு தரம் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

“அண்ணே, இந்த மாதிரிக் கேசுல மூத்தவ வந்து சொன்னாத்தான் நான் போயி நிக்க முடியும். வேற யாரு பிராது குடுத்தாலும் எடுபடாது.”

“அதான் மூத்தவளே வந்து நிக்கிறாளே!”

ஏட்டு மேசை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டார். “மலைச்சாமி நேத்தே கொண்டாந்து குடுத்துட்டான். படிங்க.”

‘எனக்குப் பிள்ளைப்பேறு இல்லாதபடியால் என் புருஷன் இரண்டாம் விவாகம் செய்துகொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.’ கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. ‘மலைச்சாமி சம்சாரம் கைநாட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. பொம்பளைக்குப் பேர் ஒரு கேடா என்று விட்டிருப்பார்கள்.

“நேத்துச் சம்மதம், இன்னைக்குப் பிராது. எங்களுக்கு வேற சோலி இல்லையா?” என்றார் ஏட்டு.

ஜேசுதாஸுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை தூரம் வந்து இவளாலேயே மூக்கறுபட வேண்டியிருக்கிறதே என்று அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, உனக்காக நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். இதுல கைநாட்டு வச்சதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? நீ சம்மதிச்சாலும் சட்டத்துக்கு முன்னால அது வெறுங்காயிதம்தான். ஆனா எதுக்கு வச்சே?”

“சத்தியமா நான் வைக்கலைய்யா.”

“கேட்டீகளா ஏட்டய்யா?” ஜேசுதாஸ் மேசையில் ஓங்கித் தட்டினார். “கள்ளக் கைநாட்டு! இது இன்னொரு கேசு. மூத்தவளே நேர்ல வந்து நின்னு, நான் சம்மதிக்கலைங்கிறா. இன்னும் என்ன வேணும் உமக்கு?”

ஏட்டு இரண்டு காகிதத்திலும் இருந்த ரேகைகளை வெளிச்சத்தில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒன்றில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுந்து ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்தார்.

“சரி, கிளம்புங்க. மூத்தவ பிராதுன்னா நான் போகாம இருக்க முடியாது.”

ஜேசுதாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அஞ்சு வருஷமாகக் காகிதத்திலேயே கிடந்த சட்டம், இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொப்பி போட்டுக்கொண்டு மலை ஏறப் போகிறது.

சுருளியம்மாள் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“ஐயா, அது எங்கக்கா கைநாட்டு. நாளைக்கு எங் கழுத்துலதான் தாலி கட்டுறாக.”