பிடியில் இருந்த வருஷம்

போலீஸ் குடோனில் கிடக்கும் ரிவால்வர்களில் நூறு வயது தாண்டியவை மியூசியத்துக்கு, மற்றவை உலைக்கு என்று உத்தரவு வந்தது. அறுபது வயது ரிவால்வர் ஒன்று நடுங்கிப்போனது. பக்கத்தில் உடைந்து கிடந்த கிழட்டு ரிவால்வரிடம், வருஷமும் எண்ணும் பொறித்த அதன் பிடியைக் கேட்டது.

“எடுத்துக்கோ தம்பி. ஆனா அதைப் பிடிச்ச கை யாருதுன்னு நீ கேக்கலையே” என்றது கிழடு.

கேட்க நேரமில்லை. பிடியை மாட்டிக்கொண்டதும் வயது பார்க்க வந்த நிபுணரின் பூதக்கண்ணாடி மேலே குனிந்தது.

“குண்டு போடுற உருளை பக்கவாட்டுல திறக்குது. பிடியில இருக்கிற வருஷத்துக்கு இது பிற்காலத்து வேலையாச்சே” என்று கண்ணாடி முணுமுணுத்தது.

“அய்யா, உருக்கிடுவாங்க. பாக்காத மாதிரி இருங்க” என்று ரிவால்வர் கெஞ்சியது.

கண்ணாடி இரக்கப்பட்டு மங்கிக்கொண்டது. பிடியில் பொறித்திருந்த வருஷத்தையும் எண்ணையும் மட்டும் நிபுணர் எழுதிக்கொண்டார். அந்த எண் ஒரு பழைய கொலை வழக்கில் இருந்தது.

இப்போது ரிவால்வர் மியூசியத்தில் இருக்கிறது. கீழே ‘மூவரைக் கொன்ற துப்பாக்கி’ என்று அட்டை. எதிர்ச் சுவரில் அந்த மூவரின் படங்கள்.

“நான் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை” என்று அது தினமும் அவர்களிடம் சொல்கிறது.

ஆறு கண்களும் அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.