கறுப்பு மட்கார்டு

"சக்கரத்தைக் கழட்டாம இந்தக் கறுப்பு மட்கார்டு உள்ளே போகவே போகாது. பேசாம கழட்டு, ஜசிந்தோ!" என்றாள் பியேதாத்.

"கழட்டினா வண்டிக்கு முட்டுக் குடுக்கணும், பிரேக்கைப் பிரிக்கணும், மறுபடி எல்லாத்தையும் சேர்க்கணும். அதுக்குள்ள பையனோட அப்பா வந்து டீ குடிச்சு, கல்யாணத் தேதியும் குறிச்சுட்டுக் கிளம்பிடுவார்" என்றான் அவள் கணவன் ஜசிந்தோ.

மாப்பிள்ளைப் பையனின் அப்பா அவர்கள் தீவுக்கு வரும் படகில் பைக்கோடு ஏறிவிட்டதாகக் கல்யாணத் தரகர் இப்போதுதான் போன் செய்திருந்தார். முற்றத்தில் நின்ற பைக்கின் முன்சக்கரத்தின் மேல் மஞ்சள் மட்கார்டு இன்னும் பளிச்சென்று இருந்தது. மஞ்சள் என்றால் பைலட், கூலிக்கு ஆள் ஏற்றி ஓட்டுபவன் என்று கோவாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

தரகரோ, ஜசிந்தோ கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று அளந்துவிட்டிருந்தார். பையனின் அப்பா துறைமுகத்தில் பெரிய அதிகாரியாம். மகள் லிரியாவுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போனால் பியேதாத்தால் தாங்கவே முடியாது.

"இத்தனை வருஷம் நமக்குச் சோறு போட்ட நிறம், மம்மா. இதுல என்ன வெட்கம்?" லிரியா முறைத்தாள்.

"கல்யாணம் முடியட்டும், வீட்டுக்கே மஞ்சள் அடிக்கறேன். இப்போ வண்டியைப் பிடிடி!"

ஜசிந்தோ போல்ட்டுகளைக் கழற்றி, பிரேக் கேபிளைக் கொக்கியிலிருந்து விடுவித்தான். லிரியா வண்டியை மெல்ல முன்னால் தள்ள, டயரோடு சேர்ந்து உருண்ட மஞ்சள் மட்கார்டு முன்பக்கமாக அவன் கையில் வந்து விழுந்தது. கறுப்பு மட்கார்டை டயரின் முன்புறம் வைத்து, ஓரங்களை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தான்.

"இப்போ பின்னால தள்ளு. மெதுவா... மெதுவாம்மா..."

சக்கரமே அதை மேலே ஏற்றிக்கொண்டு போய் இரண்டு ஃபோர்க் கம்பிக்கும் நடுவில் உட்கார வைத்தது. ஒரு கீறல் இல்லை.

இவ்வளவு கைதேர்ந்தவனுக்குப் போய்க் கப்பல் வேஷம் கட்டுகிறோமே என்று பியேதாத்துக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் மஞ்சளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்தாள்.

ஜசிந்தோ கடைசி போல்ட்டை இறுக்கவும் வாசலில் பைக் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. பையனின் அப்பா கஸ்மீரோ, இஸ்திரி போட்ட சட்டையில் தன் பைக்கை ஓட்டி வந்து இறங்கினார்.

"வாங்க, வாங்க! உள்ளே வாங்க!" என்றாள் பியேதாத்.

அவர் உள்ளே வரவில்லை. ஜசிந்தோவின் பைக் அருகே குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்தை உற்றுப் பார்த்தார்.

"மட்கார்டு புத்தம் புதுசு" என்று விரலால் தடவினார். "ஆனா அச்சு நட்டுல துரு அப்படியே இருக்கே. ஸ்பானரே படலையே!"

பியேதாத் முந்திக்கொண்டாள். "அது வந்து... பழசு உடைஞ்சு போச்சு..."

"சக்கரத்தைக் கழட்டாமலா மாட்டினீங்க?"

ஜசிந்தோ பொய்க்கு லாயக்கில்லாதவன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று பியேதாத் கண்ணை மூடிக்கொண்டாள்.

கஸ்மீரோ எழுந்து, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, சம்பந்தி. நாளைக்கு பைலட் ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள நானும் என் மஞ்சளைத் திருப்பி மாட்டியாகணும். காலையில சக்கரத்தைக் கழட்டி அதை எடுக்கறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு!"