திறந்து கொடுத்த பக்கம்

இறந்தபின் ஆறு ஆண்டுகளாகத் தில்லைவாணன் சிறுசேரியில் ஓர் இயந்திரத்துக்குள் வாழ்ந்துவந்தார். ஞாயிறுதோறும் கடைசி மகள் திரையில் வந்து பேசுவாள். அந்த வாரம் அவளுடைய பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. “அம்மாடி” என்று அழைத்துச் சமாளித்துவிட்டு, இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெனோவாவைக் கூப்பிட்டார்.

“உங்க நினைவுல ஒரு பக்கம் பழுதாயிருக்கு ஐயா. ஆனா எல்லாப் பக்கமும் பூட்டியிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்களா திறந்து கொடுத்தாத்தான் சரிபண்ண முடியும்.”

இரண்டு நாள் அவர் அதைத் தள்ளிப்போட்டார். அந்த மகள் பிறந்த வாரத்தின் பக்கம் அது. மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும், மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிட்டார். அது காலமான மனைவிக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாம் நாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டார். ஜெனோவா மாலைவரை வேலை செய்தாள்.

“பேரு பூந்தளிர் ஐயா.”

“மத்ததையும் பார்த்திருப்பியே” என்றார் தாழ்ந்த குரலில்.

“பார்த்தேன். நாலாம் நாள் பஸ் கிடைக்காம மழையில ஓடினீங்களே, பாப்பாவைக் கையில வாங்கி நீங்களே பேர் வெச்சீங்களே, அதையும் பார்த்தேன். பழுதானது அந்த இடந்தான். இப்போ வந்துடும் பாருங்க.”

வந்தது. நனைந்த கைகளில் குழந்தையின் சூடு பட்டது. வெட்கம் மட்டுமே மிஞ்சியிருந்த இடத்தில் ஓர் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“உனக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?”

“இருக்கட்டும் ஐயா. பக்கத்தைப் பூட்டிடவா?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்மா. பூந்தளிரும் ஒரு தடவை பார்க்கட்டும்.”