தலைமையாசிரியருக்கு வலப்பக்க நாற்காலி

வரலாற்றின் வாசலில் நின்று ஒரு தலைமுறை தன் பள்ளிக் காலத்தைத் திரும்பிப் பார்க்கிறது. பங்குனி வெயில் குத்துவதால் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறது. 1938-ஆம் ஆண்டு, பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்து மாணவர்கள், மதுரைப் பள்ளியொன்றின் வேப்பமரத்தடியில், பரீட்சைக்கு முன்பு அந்த வகுப்புக்கு மட்டும் எடுக்கும் குழுப் படத்துக்காக வரிசை கட்டுகிறார்கள். முத்திருளன் மட்டும் பதறாமல், கறுப்புக் கோட்டின் பித்தானை நீவிக்கொண்டு, தலைமையாசிரியருக்கு வலப்பக்க நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அதை அவன் யாருக்கும் விடுவதாக இல்லை. பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கும் திருமங்கலத்து மாமன் வீட்டுக்கு ஒரு படம் போகவேண்டும். பின்னால் பெஞ்சின்மேல் தடுமாறும் ஜனகராஜுக்குத் தலையைத் திருப்பாமலே பாடம் நடத்துகிறான். “கேமரா மூடியைக் கழட்டுனதும் மூச்சை அடக்கிக்க, மாப்ள. கண்ணை மூடுனே, காலத்துக்கும் தூங்குமூஞ்சியா தொங்குவ.” “உனக்கென்ன மாப்ள, தேர்ந்த கையி. நாங்க இம்புட்டு வருசமும் பெஞ்சைத் தேய்ச்சதுதான் மிச்சம்” என்கிறான் ஜனகராஜ். பின்வரிசை குலுங்குகிறது. தலைமையாசிரியர் கனைத்ததும் அடங்குகிறது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து படக்காரர் தலையை நீட்டி, மற்றவர்களைக் கையசைத்தே நெருக்கி நிற்கவைத்துவிட்டு, இவனிடம் மட்டும், “முத்திருளு, நாடியை இறக்குப்பா. உனக்குமா சொல்லணும்?” என்கிறார். முத்திருளன் நாடியை இறக்கி, பார்வையைத் தூரத்தில், எதிர்காலம் இருக்கவேண்டிய திசையில் நிறுத்துகிறான். தலைமையாசிரியரின் தலைப்பாகையில் ஒரு வேப்பம்பூ விழுகிறது. யாரும் அசையவில்லை. மூடி கழல்கிறது. திருமங்கலத்தில், மாமன் வீட்டுச் சுவரில், இதே கோட்டுடன் இதே நாற்காலியில் அவன் அமர்ந்திருக்கும் படங்கள், போன வருடத்தது ஒன்றும் அதற்கு முந்தின வருடத்தது ஒன்றும், ஏற்கனவே தொங்குகின்றன.