எண்பத்து நாலு டிகிரி

“ஏட்டி ஜெபா, செங்கோணம்னா எத்தனை டிகிரி?”

“தொண்ணூறு, டீச்சர்.”

“அப்போ உன் படத்துல ஏன் எண்பத்து நாலு காட்டுது?”

லேப்டாப் திரையில் ஜெபாவின் முகம் சுருங்கியது. தாராவியில் நாலு நாளாக விடாத மழை. சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லாமல் சந்திரலேகா மாடி வீட்டில் நடத்தும் டியூஷனை ஆன்லைனுக்கு மாற்றியிருந்தாள்.

வீட்டுப்பாடம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கண்ணில் படும் செங்கோணம் ஒன்றைப் போட்டோ பிடித்து, இணையக் கோணமானியில் ஏற்றி, இரண்டு கோடுகளை இழுத்துப் பொருத்தினால் அதுவே அளவைச் சொல்லிவிடும். எல்லாருக்கும் தொண்ணூறு வந்தது. மாட்டுங்கா கணிதப் போட்டிக்கு யாரை அனுப்ப நினைத்திருந்தாளோ, அந்த ஜெபாதான் சொதப்புகிறாள்!

“சுவரும் தண்ணியும் சேருற மூலை டீச்சர். கோட்டைச் சரியாத்தான் வச்சேன். காட் ப்ராமிஸ்!”

“நேத்து எண்பத்தாறு, இன்னைக்கு எண்பத்து நாலா? சுவரு என்ன நடந்தா போவுது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். மேஜையிலிருந்து பேனா உருண்டு விழுந்தது. காலையிலிருந்து இதே தொல்லை. ‘சனியன் பிடித்த மேஜை’ என்று முணுமுணுத்தபடி எடுத்து வைத்தாள்.

பின்னால் கணவன் முத்துசெல்வம் வாசல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். “மழையில மரம் ஊதிப்போச்சு. அசைய மாட்டேங்குது. ஆசாரியக் கூப்பிட்டு இழைக்கணும்.”

“கிளாஸ் நடக்குதுங்க, சும்மா இருங்க” என்றவள் திரையின் பக்கம் திரும்பினாள். “ஜெபா, போட்டிக்கு ரிஜோ போகட்டும். உனக்குக் கவனம் பத்தாது.”

ஜெபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “திரும்பத் திரும்ப அளந்தேன் டீச்சர். தண்ணி மட்டமாத்தான நிக்கும்? அந்தச் சுவருதான் சாயுது.”

“உங்க வீட்டுச் சுவரா?”

“எங்க வீட்டுல சாமான் மறைக்குது. அதான் பின்பக்க ஜன்னல் வழியா தெரிஞ்ச சுவரை எடுத்தேன். படத்தைச் சின்னதாக்கிப் பாருங்க!”

சந்திரலேகா சலிப்போடு படத்தைச் சுருக்கினாள். தண்ணீர், சுவர், மேலே ஒரு மாடி ஜன்னல். அதன் கம்பியில் தொங்கிய மஞ்சள் நைட்டி அவளுடையது.

“ஏங்க, ஆசாரி வேண்டாம்!” என்று அலறினாள். “கதவை உடைங்க!”