அவ கைதானா

பைக் விபத்துக்குப் பிறகு தணிகையின் வலக்கை மரத்தே கிடந்தது. "யாரோட கையையோ கொண்டாந்து ஒட்ட வச்ச மாதிரி இருக்கு" என்பான். பாயில் நான்கு மாத மகள் தன் கையை வாயில் திணித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குப் பசியா?"

"இப்பத்தான் குடிச்சா. அது அவ கைதானான்னு பாக்குறா" என்று சிரித்துவிட்டு, மனைவி கோமதி துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

மகள் கையை வெளியே எடுத்தாள். எச்சில் ஒழுக அதையே உற்றுப் பார்த்தாள். மறுபடி திணித்தாள். யாரும் சொல்லித்தராத வேலை, அதில்தான் எவ்வளவு சிரத்தை! தணிகைக்குப் பார்த்து மாளவில்லை.

வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இடக்கையால் வலக்கையைத் தூக்கி, விரல்களை வாயில் வைத்தான். உப்புக் கரித்தது. மகள் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

அவன் மெல்லக் கடித்தான்.