அசையாத ஊருணி

கேமராவில் பிலிம் ஒரே ஒரு படத்துக்குத்தான் மிச்சம். ஊருணியில் விழுந்த கோபுர நிழலைத் தண்ணீர் மொள்ளும் குடங்கள் கலைத்துக்கொண்டே இருந்தன. பத்திரிகைப் போட்டிக்கு இந்த வாரமே அனுப்பியாக வேண்டும். யூஜினியா டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க பொன்னுத்தாயி! தண்ணி துளிகூட அசையக் கூடாது."

"நீங்க படம் புடிக்கிற வரைக்கும் எங்க வீட்டு உலை காத்துக் கெடக்கணுமாக்கும்!"

முணுமுணுத்தாலும் பொன்னுத்தாயி எல்லாரையும் படியிலேயே நிறுத்தினாள். தண்ணீர் கண்ணாடியானது. யூஜினியா மூச்சை அடக்கிக்கொண்டு கோபுரத்தின் பிம்பத்தை மட்டும் எடுத்தாள்.

மறுமாதம் படம் திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு.

'போட்டி, நீரில் தெரியும் பிம்பத்துக்கு. தாங்கள் கோபுரத்தை எடுத்துத் தலைகீழாக அனுப்பியிருக்கிறீர்கள். தண்ணீரையே காணோம்.'

சீட்டைக் கசக்கியபடி ஊருணிப் பக்கம் போனாள். அவளைக் கண்டதுமே பொன்னுத்தாயி குடத்தோடு நின்றுவிட்டாள்.

"இன்னைக்கும் படம் புடிக்கப் போறீகளா டீச்சர்? மொள்ளலாமா, நிக்கணுமா?"